நான் துவைத்த சாட்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தத் துணிகளைத் துவைத்தது நான்தான். தெருவே கேட்டுச் சிரித்தாயிற்று, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் அண்ணிக்குத் தெருவில் பளிச்சக்கா என்று பெயர். அண்ணன் லாரியோடு வாரக்கணக்கில் வெளியூர் போய்விடுவான். லாண்டரிக் கடை எங்கள் இருவர் கையில். துவைப்பது நான், இஸ்திரி அண்ணி. கடைக்குப் பின்னால் துணி காயும் கொடிகள், அப்புறம் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் நிலக்கரிக் கிடங்கு; ரயிலில் வந்து இறங்கும் கரி, மூடாமல் கொள்ளாமல் மலை மலையாய்க் கிடக்கும். காற்றடித்தால் போச்சு! காலையில் துவைத்ததை மாலையில் மறுபடி துவைக்க வேண்டும். நான் கிடங்கைத் திட்டிக்கொண்டே துவைப்பேன். திட்டுவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்ணி திட்டமாட்டார். என் மகளுக்கு ஐந்து வயதில் மூச்சிழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, கொடியில் கிடந்த வெள்ளைத் துண்டை அண்ணி விரலால் தடவிப் பார்த்தார்.

"துணிக்கே இந்தக் கதின்னா, புள்ள நெஞ்சுக்குள்ள என்னடி இருக்கும்?"

மறுநாளிலிருந்து தினமும் கைக்குட்டை அளவில் ஒரு வெள்ளைத் துணி. மூலையில் சலவைக் குறி போடும் மையால் தேதி. காலையில் கொடியில் போடுவார், மாலையில் எடுத்து மடித்து வைப்பார். இரண்டு வருஷம் ஒரு நாள் தவறவில்லை. கிடங்கு மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினால், "அழுக்குத் துணி லாண்டரியில இல்லாம வேற எங்கம்மா இருக்கும்?" என்று சிரித்தார். அண்ணி அசரவில்லை. மனுமேல் மனு போட்டார்.

அதில் ஒரு மனு எங்கெங்கே சுற்றியதோ, பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது! காற்றுக்காகவும் தண்ணீருக்காகவும் தங்கள் ஊர் மக்களின் உரிமைக்காகவும் போராடுகிற பன்னிரண்டு பேரை மூன்று மாதம் வளாகத்திலேயே தங்கவைக்கிறார்களாம். அறை, நூலகம், ஆய்வகம், சட்டம் சொல்லித்தர ஆசிரியர்கள். மூன்றாம் மாதம் விசாரணை ஆணையத்தின் முன்னால் அவரவர் வழக்கை வைக்கலாம். பத்தாவதோடு நின்ற எங்கள் அண்ணி! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சட்டை வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னேன்.

கிளம்பும் நாள் காலை. எங்கள் கடையில் கதவோரம் மூட்டை இருந்தால் அது துவைக்கிற மூட்டை. பன்னிரண்டு வருஷப் பழக்கம். கதவோரம் இருந்ததை அவிழ்த்து அப்படியே இயந்திரத்தில் கொட்டினேன். வெளியே எடுத்தபோதுதான் பார்த்தேன். அண்ணி சாட்சியாக எடுத்துப்போகக் கட்டிவைத்த கைக்குட்டைகள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு தேதி.

சலவை மை போகாது, கரி போய்விட்டது. எழுநூற்றுச் சொச்சம் தேதிகளும் பளிச்சென்று இருந்தன. சொல்லியிருக்க வேண்டும். பாவி, வாய் வரவில்லை. உலர்த்தி, தேய்த்து, அடுக்கி, அதே போர்வையில் கட்டி, அண்ணியைப் பேருந்தில் ஏற்றிக் கையும் ஆட்டினேன்.

மறுநாள் போன் வந்தது.

"மூட்டையப் பிரிச்சேன்டி. எல்லார் முன்னாடியும்." உடனே போனை வைத்துவிட்டார்.

அடுத்த பேருந்தைப் பிடித்தேன். விடுதி அறையில் கட்டில், மேசை, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அண்ணி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார், ஊருக்குத் திரும்ப. நான் காலில் விழப்போனேன்.

"எழுந்திரு. துவைக்கிறவ துவைச்சே. கதவோரம் வச்சது என் தப்பு. ஆனா சொல்லாம அனுப்பினே பாரு, அதான்டி ஆறல."

அந்த நேரம் பார்த்து ஆய்வகத்து அம்மா உள்ளே வந்தார். வேதியியல் பேராசிரியர், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"துவைக்காம கொண்டுவந்திருந்தாலும் எடுபட்டிருக்காதும்மா. எடை போடல, சீல் வைக்கல. இது அந்தக் கிடங்குக் கரிதான்னு யார் சொல்றது?"

இரண்டு வருஷம்! அண்ணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "அப்ப எப்படிச் செஞ்சா எடுபடும்?"

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! எடை போட்ட துணிகளை அவரே தருவார். நாற்பது மொட்டைமாடி வேண்டும். மாலையில் அப்படியே உறையிலிட்டு சீல் வைத்து, வெளியாள் ஒருவரின் கையெழுத்தோடு அனுப்ப வேண்டும்.

"நான் ஊருக்குப் போய்ச் செய்றேன்," என்றார் அண்ணி.

"நீங்க எங்கயும் போகல," என்றேன். என்ன தைரியமோ! "நீங்க இங்க உட்கார்ந்து சட்டம் படிங்க. துணி என் பொறுப்பு."

அடேயப்பா, அந்த இரண்டரை மாதம்! தெருவே கிளம்பிவிட்டது. தபால்காரர் கையெழுத்துப் போட்டார். எனக்குத்தான் பெரும்பாடு. துணியைக் கையில் எடுத்தால் உதறாமல் இருக்கத் தெரியாதே! மூச்சைப் பிடித்துக்கொண்டு உறைக்குள் நழுவவிடுவேன். அண்ணி தினமும் போனில் கத்துவார்: "நுண்ணோக்கியில பாத்தேன்டி! கிடங்குக் கரியும் நம்ம துணியில இருக்கிறதும் ஒண்ணு!"

விசாரணையன்று ஆணையத்தின் முன்னால் மேலாளர் பழைய பாட்டையே பாடினார், லாண்டரியில் அழுக்குக்கா பஞ்சம் என்று. அண்ணி சீல் வைத்த உறைகளை வரிசையாக அடுக்கினார்.

"இது எங்க துணி இல்லைங்க. ஆய்வகத்துத் துணி. அதுல இருக்கிறது, நாப்பது வீட்டுல நாங்க சுவாசிச்சது."

கரிக்குவியல் முழுவதும் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், மூடும்வரை ஒரு ரயில் பெட்டி நிலக்கரிகூட இறக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. நான் கூடத்திலேயே விசிலடித்தேன். வெளியே போகச் சொன்னார்கள், போனேன்.

அண்ணி பயிற்சியின் கடைசி வாரத்துக்கு வளாகம் திரும்பினார். உத்தரவு வந்த ஆறாம் நாள் தார்ப்பாய் போட்டு முடித்தார்கள். ஏழாம் நாள் நல்ல காற்று. மாலையில் கொடியில் கிடந்த துணியை எடுத்தேன். திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். போன் போட்டேன்.

"அண்ணி, துணி வெள்ளையா இருக்கு."

"துவைச்சியாடி?"

"என் மக மேல சத்தியமாத் துவைக்கலண்ணி!"