அறுபதுக்கு ஐம்பத்தொன்பது

கடைப் பலகையில் இரண்டாவதைக் கழற்றும்போதே கணேசமூர்த்தியின் மற்றக் கை கம்ப்யூட்டர் பொத்தானை அமுக்கிவிடும். சரஸ்வதி படத்துக்கு விளக்கு, வாசலுக்குத் தண்ணீர், தனக்கு ஒரு பிளேன்டீ, எல்லாம் அதற்குப் பிறகுதான். முதலில் மெயில். வந்ததையெல்லாம் பார்த்து முடித்த பிறகு குப்பை மெயில் விழும் பெட்டியையும் திறப்பார். முடி வளரும் எண்ணெய், கேட்காத கடன், வெளிநாட்டு லொத்தரில் விழுந்த பரிசு என்று ஒவ்வொன்றையும் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிப்பார். படிக்காமல் ஒன்றையும் அழிக்கமாட்டார். ஒரு நாளைக்கு ஆறு தடவை இந்தப் பூசை நடக்கும்.

"அந்தக் குப்பையில என்னதான் தேடுறீங்க மாமா?" என்று பிள்ளைகள் கேட்டால், "சும்மாதான் பாக்குறேன். ஒனக்கு எத்தன கொப்பி வேணும், அதச் சொல்லு" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

வட்டகொடை ரயில் நிலையத்திலிருந்து இறங்கும் பாதையில் இருக்கிறது அவருடைய கடை. போட்டோ கொப்பி, லேமினேட், அடையாள அட்டைப் படம், போனுக்கு ரீலோட் எல்லாம் உண்டு. பலகையில் 'கணேஷா கம்யூனிகேஷன்' என்று எழுதியிருந்தாலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அதற்குக் 'காம்பஸ் கடை' என்றுதான் பெயர். பல்கலைக்கழகத்தை இங்கே யாரும் பல்கலைக்கழகம் என்று சொல்வதில்லை, காம்பஸ்தான். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான உயர்தரம் பாஸான பிள்ளை காம்பஸுக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் இந்தக் கடைக்குத்தான் வரும். பனி ஈரத்துக்குப் பயந்து கீபோர்டுக்குப் பொலித்தீன் சுற்றி வைத்திருக்கிறார். அதில் அவரைத் தவிர வேறொருவர் விரல் படக்கூடாது. "நீ சொல்லு, நான் அடிக்கிறேன்" என்பார்.

வயது நாற்பத்தெட்டு. காதை மூடிய கம்பளிக் குல்லா, கவுண்டரில் ஊன்றி ஊன்றி வலது முழங்கை தேய்ந்துபோன ஸ்வெட்டர். அவர் காம்பஸ் வாசலை மிதித்தவர் இல்லை. ஆனால் நாட்டிலுள்ள எல்லாக் காம்பஸ்களின் புள்ளிவிபரமும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. வருடாவருடம் இணையத்தில் வெளியாகும் புள்ளிவிபரத் தொகுப்பை முழுதாக அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு, நீல அட்டை வைத்து, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்துத் தட்டில் அடுக்கியிருக்கிறார். எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்தப் பாடத்தில் பெண்கள் எத்தனை, எந்தத் துறையில் எத்தனை விரிவுரையாளர், எத்தனை இடம் காலி என்று கேட்டால் பக்கத்தைத் திருப்பாமலே சொல்வார். ஓய்ந்த நேரத்தில் மற்றவர்கள் பேப்பர் வாசிப்பார்கள், இவர் அட்டவணை வாசிப்பார்.

பிள்ளைகள் ஆசைப்பட்டு ஒரு பாடத்தின் பெயரைச் சொல்வார்கள். உடனே நீலப் புத்தகம் கவுண்டருக்கு வரும்.

"மொதல்ல அங்க வாத்தியாருங்க இருக்காங்களான்னு பாக்கணும் பிள்ளை. இந்தா பாரு, பதினாலு போஸ்டு. ஆள் இருக்கிறது எட்டுப் பேரு. மிச்ச ஆறு காலிக் கதிரையா வந்து ஒனக்குப் பாடம் நடத்தும்?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பிள்ளை முகம் சுருங்கினால் அவரே இரங்கி, "சரி சரி, நீ போற நேரம் ரெண்டு கதிரைக்காவது ஆளப் போட்டிருவாங்க, பயப்படாத" என்று தேற்றுவார்.

இந்த மனிதர் எதற்காக இப்படி அட்டவணையும் மெயிலுமாய்க் கிடக்கிறார் என்று கேட்டால் அவருடைய இருபத்திரண்டாம் வயதுக்குப் போக வேண்டும். லயத்துக்கு முகவரி கிடையாது. வரிசை வரிசையாய் வீடு, ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், ஆனால் எல்லார் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கே மேசையில் கிடந்து, யாராவது அந்தப் பக்கம் போனால் கையில் கிடைக்கும். ஆசிரியர் வேலை நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி அவருக்கு வந்த கடிதம் அந்த மேசையில் பதினொரு நாள் கிடந்தது. கையில் கிடைத்தபோது பரீட்சை முடிந்து நாலு நாள். கோபத்தில் அன்று அவர் ஆபீஸ் வாசலில் போட்ட சத்தத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் சிரிப்பதில்லை.

அதனால்தான் கடை வைத்ததும் ஒரு வேலை செய்தார். பிள்ளைகளின் விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்கும் இடத்தில் தன்னுடைய முகவரியையே போட்டார். பிள்ளைகளுக்கு மெயில் இருந்தாலும் கடவுச்சொல் மறந்துபோகும், போனில் டேட்டா இருக்காது. "எனக்கு வரட்டும். வந்த அடுத்த நிமிசம் ஒன் வீட்டு வாசல்ல நிப்பேன்" என்பார். நின்றும் இருக்கிறார். அட்டை கடிக்கக் கடிக்கத் தேயிலைக்குள் இறங்கி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தாயிடம் மகளின் சேதியைச் சொன்ன நாட்கள் உண்டு. பதினைந்து தோட்டங்களுக்கு அவருடைய மெயில்தான் முகவரி. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

தனுஷிகாவுக்கும் அப்படித்தான் போட்டுக்கொடுத்தார். தோட்டத்து மேல்பிரிவு லெட்சுமியின் மூத்த மகள். விவசாயத் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்ற பிள்ளை. "கொழுந்து ஆயிறதப் படிக்கக் காம்பஸுக்கா போகணும்? எங்கூட மலைக்கு வா, நான் சொல்லித்தாறேன்" என்று தாய் கேலி பண்ணுவாள். கேலி பண்ணிக்கொண்டே, விண்ணப்பம் அனுப்பிய அன்று கடைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

முதல் பட்டியலில் தனுஷிகாவின் பெயர் வரவில்லை. நூலிழையில் தவறியிருந்தது. எல்லோரும் முடிந்தது என்று நினைத்தார்கள், அவளும் தலவாக்கலையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஆனால் வராமல் போனவர்களின் இடத்தை நிரப்ப இரண்டாவது பட்டியல் ஒன்று உண்டு. அதற்குக் கடிதம் அனுப்ப நேரம் இருக்காது, மெயிலும் போன் செய்தியும்தான். விண்ணப்பத்தில் கொடுத்திருந்த லெட்சுமியின் போன் அந்த மாதம் மலையில் எங்கோ விழுந்து தொலைந்துபோயிருந்தது. மெயில் கணேசமூர்த்திக்கு வந்தது. வந்து, குப்பைப் பெட்டிக்குள் விழுந்தது.

கொப்பி மெஷின்காரன் அனுப்பியதாகச் சொன்ன ஒரு மெயிலைத் தேடப்போய்த்தான் அவர் அந்தப் பெட்டியைத் திறந்தார். தனுஷிகாவின் பெயர் இருந்தது. பதிவு செய்யக் கடைசித் திகதி கடந்து ஒன்பது நாளாகியிருந்தது.

மறுநாள் விடியற்காலை ரயிலில், மை வாங்கப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனார். காம்பஸ் அனுமதி அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா பொறுமையாகவே கேட்டாள். நேரம் கடந்துவிட்டதே ஐயா, வகுப்பும் தொடங்கிவிட்டதே என்று சிங்களத்தில் வருத்தத்தோடுதான் சொன்னாள். அவளைக் குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், எந்த மேசையை இருபது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாரோ அந்த மேசையாகவே தான் ஆகிவிட்டதை நினைத்துக்கொண்டு வந்தார். கொட்டகலை தாண்டும்போது நாளைக்கே அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்.

சொல்லவில்லை. நாளை, பொங்கல் கழியட்டும், தாய்க்கு உடம்பு சரியில்லாத நேரத்தில் எப்படி என்று நாலு வருடம் ஓடிவிட்டது. போன வருடம் லெட்சுமியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தனுஷிகா தினமும் காலை ஏழே முக்காலுக்கு பஸ் பிடிக்க இந்தக் கடையைத் தாண்டித்தான் போகிறாள். அந்த நேரம் பார்த்து அவர் மேசைக்கு அடியில் வயர் எதையாவது சரிபார்த்துக்கொண்டிருப்பார். "வாறேன் மாமா" என்ற குரலுக்கு அடியிலிருந்தே "ம்" என்பார்.

தனுஷிகாவுக்கு இடம் தவறிய அந்த வருடத்துப் புள்ளிவிபரம் வெளியானபோது அச்செடுத்து நேராக அந்தப் பாடத்தின் வரிசைக்குப் போனார். தெரிவு செய்யப்பட்டோர் 60. பதிவு செய்தோர் 59. நாடு முழுக்க எத்தனையோ பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள், காணாமற்போன அந்த ஒன்று யாரென்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பக்கத்தின் மூலையை மடித்து வைத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல மழை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு தனுஷிகா உள்ளே வந்தாள். கூடவே தங்கை சர்மிளா. இந்த முறை உயர்தரத்தில் அக்காவைவிட நல்ல புள்ளி.

"மாமா, இவளுக்கும் போட்டுக்குடுங்க. நீங்க போட்டாத்தான் சரி" என்றாள் தனுஷிகா.

பெயர், பிறந்த திகதி, தோட்டம், பிரிவு எல்லாம் கடகடவென்று போனது. மின்னஞ்சல் என்ற பெட்டிக்கு வந்ததும் அவருடைய கை பொலித்தீனின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"ஏன் மாமா நிப்பாட்டிட்டீங்க? ஒங்க மெயிலப் போடுங்க. எனக்கும் அதத்தானே போட்டீங்க."

அவர் எழுந்தார். தட்டிலிருந்து ஒரு நீலப் புத்தகத்தை இழுத்து, மடித்த பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். "அந்த வரிய வாசி பிள்ளை."

"தெரிவு செய்யப்பட்டோர் அறுபது. பதிவு செய்தோர் அம்பத்தொம்பது." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது நான் கேட்ட கோர்ஸ்தானே. அதுக்கென்ன?"

"போகாத அந்த ஒரு ஆளு நீதான்."

"எனக்குத்தான் கெடைக்கலயே மாமா."

"கெடைச்சிச்சு. ரெண்டாவது லிஸ்டுல. மெயிலு எனக்குத்தான் வந்துச்சு. குப்பைக்குள்ள போயிருச்சு, நான் பாக்கல. பாக்கயில ஒம்பது நாளு லேட்டு."

தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. சர்மிளா அக்காவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனுஷிகாவின் விரல் அந்த எண்ணின் மேலேயே இருந்தது. அவர் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கொழும்புக்குப் போனதைச் சொல்லத் தொடங்கினார். பாதியில் அவருக்கே அது நியாயமாகப் படவில்லை, நிறுத்திவிட்டார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. யாருக்கும் சொல்லல."

"எனக்கு மார்க்கு பத்தலன்னுதான் அம்மா கடேசி வரைக்கும் நெனச்சுகிட்டு இருந்தாங்க." அவள் குரல் உயரவில்லை. புடவைக் கடையில் துணி மடிக்கும்போது பேசுகிற குரலாகவே இருந்தது. "நுவரெலியா ஆஸ்பத்திரியில வச்சும் சொன்னாங்க. 'இன்னுங் கொஞ்சம் படிச்சிருக்கலாமே பாப்பா'ன்னு. ஆமாம்மான்னு சொல்லிட்டேன்."

கணேசமூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்கு நிறையவில்லை. அதுதான் அவரை இன்னும் வதைத்தது. நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார்.

"இந்தப் பக்கத்த ஒரு கொப்பி எடுத்துத் தாங்க" என்றாள்.

எடுத்துக் கொடுத்தார். சூடு ஆறாத அந்தத் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். யாரிடம் காட்டப்போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. காட்ட வேண்டிய ஆள் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பிறகு அவள் கவுண்டருக்குக் குறுக்கே கையை நீட்டி, யாரையும் தொடவிடாத அந்தக் கீபோர்டை மானிட்டரோடு சேர்த்துத் தன் பக்கம் திருப்பினாள். அவர் தடுக்கவில்லை. தங்கையைப் பக்கத்தில் நிறுத்தி, அவளுக்கென்று புதிதாக ஒரு மெயில் திறக்கத் தொடங்கினாள். ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். பெயர் கேட்டது, அடித்தாள். போன் நம்பர் கேட்டது, சர்மிளா சொல்லச் சொல்ல அடித்தாள். கடவுச்சொல்லைத் தங்கையையே அடிக்கச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்து, கடவுச்சொல் மறந்துபோனால் உதவிக்கு வேறொரு ஆளின் மெயில் முகவரியைத் தரும்படி ஒரு பெட்டி கேட்டது.

தனுஷிகாவின் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அந்த வெற்றுப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமலே, கீபோர்டை இரண்டு கையாலும் பிடித்து அவர் பக்கமாகத் தள்ளிவைத்தாள்.