பெரிய சாமி வைத்த கை

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஆயர் செய்யும் உறுதிபூசுதலின்போது நெற்றியில் பூசும் தைலத்துக்குத் தனி மணம் உண்டு; ஒலிவ எண்ணெயும் ஏதோ வாசனைப் பிசினும் கலந்து, கோயிலை விட்டு வந்த பிறகும் கண்ணுக்கு மேலேயே நின்றுகொண்டிருக்கும். டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஃபெக்டரியில் கொழுந்து வாடும் மணத்தோடு சேர்ந்தே அது என் மூக்கில் ஏறியதால், இன்றைக்கும் பச்சைத் தேயிலை வாசனை பட்டால் எனக்கு எங்கள் ஆயரின் நினைவு வந்துவிடுகிறது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களுக்கு அவர் "பெரிய சாமி".

பெரிய சாமி மன்னார்ப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். கடலைப் பார்த்து வளர்ந்த அந்த மனிதரை, மழையும் அட்டையும் நிறைந்த எங்கள் மலைக்கு இளம் குருவாக அனுப்பிவைத்தார்கள். நோட்டன் பிரிட்ஜிலிருந்து நல்லதண்ணி வரைக்கும் பூசைச் சாமான்களைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே திரிந்து, லயக் காம்பராக்களில் ரொட்டியும் சம்பலும் தின்று, எங்கள் பேச்சையே பேசப் பழகிக்கொண்டார். கோயில் இல்லாத தோட்டங்களில், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விடும் "பிள்ளைக்காம்பரா"வில் தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டுப் பூசை வைப்பாராம். பிறகு ஹட்டனில் பங்குச் சாமியாராக இருந்து, ஆயராகவும் ஆனார். சொந்தத்தில் ஒருவருக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி எங்கள் லயத்தில் சந்தோஷப்பட்டார்கள், என் அப்பாவைத் தவிர.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஆயர் எங்கள் தோட்டத்துக்கே வந்து பிள்ளைகளுக்கு உறுதிபூசப் போகிறார் என்று எங்களுக்கு வேதம் சொல்லித்தரும் உபதேசியார் சொன்னார். அந்தக் காலத்தில் தைலம் பூசியதும் ஆயர் பிள்ளையின் கன்னத்தில் ஓர் அடி கொடுப்பது வழக்கம். வேதத்துக்காக எதையும் தாங்கும் படைவீரராகிவிட்டோம் என்பதற்கு அது அடையாளம். மந்திரம் மறந்தாலும் அடி மறக்காமல், நாங்கள் குழாயடியில் ஒருவரையொருவர் அறைந்து பழகி, கன்னம் சிவக்க வீட்டுக்குப் போனோம். அப்பா காரணம் கேட்டார். சொன்னேன். என் பிள்ளை யாரிடமும் அடி வாங்க வேண்டியதில்லை, ஆயரானாலும் சரி, ஆண்டவரே வந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அப்பா எங்களைக் கை நீட்டி அடித்ததே கிடையாது. அதற்கான காரணத்தை அன்றுதான் அம்மா சொன்னாள். நான் பிறந்த அன்று அப்பா காலையில் ஆள் கணக்கெடுக்கும் "பெரட்டு"க்குப் பிந்திப் போயிருக்கிறார். மறுநாள் தோட்டத்து இளைய அதிகாரியான சின்னத்துரை அவரைப் பங்களாவுக்கு வரவழைத்து, வாசலில் நிறுத்தி, கன்னத்தில் அறைந்திருக்கிறார். தோட்டத்தில் பூசை வைக்க அனுமதி கேட்டு வந்திருந்த இளம் சாமியார் ஒருவர், வெராந்தாவில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அவரே இப்போது பெரிய சாமி. "அந்தாளுக்கு மலை ஏறக் காலு இருந்திச்சு, பேச வாயி இல்லாமப் போச்சு" என்பாராம் அப்பா. அன்றோடு அவர் கோயில் படி ஏறவில்லை.

எனக்கோ வெள்ளைக் கவுன் தைத்து வந்திருந்தது. என் சோட்டுப் பிள்ளைகள் எல்லாரும் உறுதிபூசிக்கொள்ள நான் மட்டும் வெளியே நிற்பதா என்று அழுதேன். அம்மா கெஞ்சிப் பார்த்தாள். அப்பா அசையவில்லை.

அந்த நாளும் வந்தது. மூங்கில் வளைத்து, பன்னத் தழை கட்டி, ஃபெக்டரியடியில் வளைவு போட்டிருந்தார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குத் தப்பு அடிக்கிறவர்களே வந்து பெரிய சாமிக்கும் அடித்தார்கள். நான் வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசல் திண்ணையான "இஸ்தோப்பி"ல் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

தப்புச் சத்தம் கோயிலுக்குத் திரும்பாமல் லயத்தை நோக்கி வந்தது. ஒரு பிள்ளை ஏன் குறைகிறது என்று ஆயர் கேட்டிருக்கிறார். உபதேசியார் பயந்து பயந்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்த பெரிய சாமி எங்கள் வாசலில் நின்றார். அப்பா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சவரிமுத்து, அன்னைக்கி வெராந்தாவுல டீ குடிச்சிக்கிட்டு இருந்தவன் நான்தாங்க. வாயத் தொறந்தா பூசைக்கு விடமாட்டாங்களோன்னு பயந்துட்டேன். அந்த அடி எனக்கும் சேர வேண்டியது. இப்பக் குடுங்க."

சொன்னவர், அப்பாவின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். தப்பு நின்றுவிட்டது. தேயிலைக் கறை ஏறி வெடித்துப்போன அந்தக் கை, சவரம் செய்த கன்னத்தின் மேல் பதிந்திருப்பதை நான் கீழே இருந்து பார்த்தேன். அப்பா அடிக்கவில்லை, கையை உடனே எடுக்கவும் இல்லை.

"வேணாங்க சாமி. அடிச்சா வலிக்கும்" என்றார்.

"இப்ப நீங்க வச்ச மாதிரிதான் புள்ள கன்னத்துல வைப்பேன். அதுக்கு மேல இல்ல."

அப்பா என் பக்கம் திரும்பி, போய் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.

என் முறை வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். தைலம் நெற்றியில் பட்டது. பிறகு ஒரு கை என் கன்னத்தில் வந்து அமர்ந்து, மற்றப் பிள்ளைகளுக்கு இருந்ததைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே இருந்தது. சமாதானம் உன்னோடு இருப்பதாக என்று லத்தீனில் சொன்னார். கண்ணைத் திறந்தபோது கோயில் கதவருகே, உள்ளே, அப்பா நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை.

பெரிய சாமி இன்று இல்லை. அப்பாவும் அதே தோட்டத்து மண்ணில் படுத்திருக்கிறார். உறுதிபூசுதலில் கன்னத்தில் தட்டும் வழக்கத்தைத் திருச்சபையே எடுத்துவிட்டது. போன வருஷம் ஹட்டனில் என் கடைசி மகளுக்கு இன்றைய ஆயர் தைலம் பூசி, சமாதானம் சொல்லி, அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார். அடி போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனாலும் அவள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும், என் கை தானாக எழுந்து அவள் கன்னத்தில் போய் அமர்ந்துகொண்டது.

"காய்ச்சலான்னு பாக்கிறீங்களாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல. ஒங்க தாத்தா கை" என்றேன்.