தங்கையோடு வலென்சியாவில்

என் கணவர் திண்டிவனம்–விழுப்புரம் தடத்தில் பேருந்து நடத்துநராக இருந்தார். பொங்கலுக்கு முந்தைய வாரம், ஒரு நடை முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் திண்டிவனத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. காரியம் முடிந்ததும் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். பாடம் நடத்தினேன், சமைத்தேன், தூங்கினேன். அழுகை மட்டும் வரவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் தங்கை பாரிஸ் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். லீவு தரவில்லை என்று சாவுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு தினமும் போன் செய்தாள்.

"கோடை லீவுக்கு இங்க வந்துடுக்கா. இங்கேர்ந்து ஸ்பெயினுக்குப் போலாம், வலென்சியான்னு ஒரு ஊரு. ரெண்டு பேரும் சுத்திப் பாத்துக்கினு, சாப்ட்டுக்கினு இருக்கலாம்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. சரி என்றேன். பாஸ்போர்ட் இருந்தது. என்றாவது சிங்கப்பூர் போகலாம் என்று அவர் எடுத்து வைத்தது. விசா வேலையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள்.

வலென்சியா அழகான ஊர்தான். அப்படித்தான் சொல்ல வேண்டும். தெருவோரம் முழுக்க ஆரஞ்சு மரங்கள். ஒரு பெரிய சந்தைக்குப் போனோம். கோபுரம் போல உயர்ந்த கூரை, சுவரெல்லாம் வண்ண ஓடுகள், கடைகளில் வரிசையாகத் தொங்கும் பன்றித் தொடைகள். தங்கை போட்டோ எடுக்கும்போதெல்லாம் நின்றேன். சிரி என்றால் சிரித்தேன்.

ஒரு கடையில் பால் மாதிரி வெள்ளையாக ஏதோ வாங்கி வந்தாள். ஓர்ச்சாட்டா என்று பேர்.

"இது எதுல பண்றாங்க தெரியுமா? கோரைக்கிழங்குலக்கா. நம்ம ஊரு காணையில அப்பா நிலத்துல நாம குனிஞ்சு குனிஞ்சு புடுங்கிப் போட்டோமே, அந்த ஜாதிதான். இவங்க அத பயிரு வெச்சு பாலெடுக்கறாங்க."

"நெசமாவா?"

"நெசமாதான். அப்பா கேட்டா அடிக்க வருவாரு."

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் குடித்தேன். இனிப்பு என்று தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

கடைசி நாள் ஊருக்கு வெளியே ஒரு ஏரியைப் பார்க்க பஸ்ஸில் போனோம். ஓட்டுநர் மட்டும்தான். ஏறுகிறவர்கள் அட்டையை ஒரு பெட்டியில் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு நிறுத்தத்தில் எல்லோரும் ஏறியாகிவிட்டது. நான் பின்வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு தானாக மூடியது. வண்டி நகர்ந்தது. விசிலுக்காகத்தான் காத்திருந்தேன் என்று அப்புறம்தான் எனக்கே புரிந்தது.

"இன்னாக்கா பாக்கற?" என்றாள் தங்கை.

"ஒண்ணுமில்ல."

ஏரியைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். தண்ணீர் கட்டி நின்றது. அப்போதுதான் முளை எட்டிப் பார்த்திருந்தது. நாற்று நடுவதில்லை, நேரே விதைத்துவிடுகிறார்களாம். வரப்போரம் கொக்கு நின்றது. இதைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எரிச்சல்கூட இல்லை.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அகலமான இரும்புச் சட்டியை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். கோழியும் முயலும் பட்டை அவரையும் போட்டு வேகவைத்த சோறு, மஞ்சளாக. சாப்பிட்டுக்கொண்டே வந்தோம். அடியில் சோறு பிடித்திருந்தது.

"காந்தல்," என்றாள் தங்கை. "இங்க இதுக்குத்தான் மவுசு. கேட்டு வாங்கித் தின்றாங்க."

கரண்டியால் சுரண்டி என் தட்டில் வைத்தாள். இன்னொரு தடவை சுரண்டப் போனவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நர்ஸிங் படிக்கறப்போ உங்க ஊட்ல தானே இருந்தேன். மாமா டூட்டி முடிஞ்சி வந்து மொதல்ல சோத்துப் பானையத்தான் பாப்பாரு. காந்தல எனக்கு எடுத்து வெச்சிட்டுத்தான் சாப்புடுவாரு."

எனக்கும் ஞாபகம் இருந்தது. தலையாட்டினேன்.

"அக்கா, லீவு தர்லன்னு சொன்னேன் இல்ல. அது பொய்யி. லீவு குடுத்தாங்க. என்னாலதான் வர முடில. அவர அந்த ஐஸ் பெட்டிக்குள்ள பாக்க முடியாதுன்னு தோணிச்சு. ஊட்லயே கதவ சாத்திக்கினு உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. கடைக்காரம்மா வந்து எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ஒரு சொம்பு தண்ணீரும் கொஞ்சம் காகிதத் துண்டும் வைத்துவிட்டுப் போனார்.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இவளைத் தேற்றத்தான் இவ்வளவு தூரம் வந்தேனோ என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ வந்திருந்தாலும் அவர் எந்திரிச்சிருக்க மாட்டாரு," என்றேன். "சாப்புடு. ஆறிடப் போவுது."

"நீ ஏங்கா அழவே மாட்டேங்கற?"

"தெர்ல. வர்றப்போ வரட்டும்."

அவள் சட்டியை முழுக்கச் சுரண்டினாள். இருவரும் தின்றோம். கறுக் கறுக்கென்று இருந்தது. போகும்போது கடைக்காரம்மா என் தோளை ஒரு தட்டு தட்டினார். அழுதவளை விட்டுவிட்டு என்னை ஏன் தட்டினார் என்று தெரியவில்லை.

பள்ளி திறந்த அன்று ஆசிரியர் அறையில் எல்லோரும் கேட்டார்கள், ஸ்பெயின் எப்படி இருந்தது என்று. நல்லா இருந்தது என்றேன்.

"அங்க இன்னா டீச்சர் சாப்ட்டீங்க?"

"சோறுதான்."

அன்று மாலை தங்கை போன் செய்தாள். வருஷத் திதிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். வா என்றேன். மழை வரும்போல இருந்தது. போனை வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போனேன்.