அந்தோணியாருக்காக அம்மா கொடுத்த பெயர்

"யார் பெயரில் வழக்குப் போடுவது?" என்று சிரம்பான் நகரில் எங்கள் பெண் வக்கீல் கேட்டபோது, எங்கள் தோட்டத்து ஆண்கள் எல்லாரும் தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார்கள். அதுவரை ஆளுக்கொரு நியாயம் பேசியவர்கள்தான். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

எங்கள் அந்தோணியார் கோயில் கோலா சாவா பக்கம் இருக்கிறது. "கட்டிக்கொள்ளுங்கள், யாரும் கைவைக்க மாட்டார்கள்" என்று ரப்பர்த் தோட்டத்துப் பழைய மானேஜர் வாக்குக் கொடுத்த இடத்தில், பால்மரம் சீவிப் பிழைத்தவர்கள் தங்கள் கையாலேயே கட்டியது. தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியதும் கோயிலை இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. "நெலம் அந்தோணியாருக்குச் சொந்தம்னு எழுதுங்க" என்றார்கள் எங்கள் ஆட்கள். புனிதர் பெயரில் வழக்குப் போட முடியாது. கோயில் குழுவும் பதிவு பெறாதது. உயிரோடு இருக்கும் ஒருவர் எல்லாருக்காகவும் தன் பெயரைக் கொடுக்க வேண்டும் என்றார் வக்கீல். புனிதரின் சொத்துக்குத் தன் பெயரைப் போடுவதா? எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அது திருட்டுக்குச் சமம்.

"என் பேரப் போடுங்க" என்றாள் அம்மா.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, நாளைக்கு ஒங்க புள்ளைங்க கோயில் எங்களுதுன்னு வந்து நிப்பாங்க லா."

"அப்ப ஒன் பேரப் போடு தம்பி."

சித்தப்பா மறுபடியும் காற்றாடியைப் பார்த்தார்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கோயில் தனக்குச் சொந்தம் என்று ஓரிடத்திலும் எழுதக் கூடாது. வக்கீலும் அப்படித்தான் எழுத நினைத்திருந்தார். பட்டா நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, சொந்தம் என்று வாதாடினால் தோற்போம். கொடுத்த வாக்கையும் அதை நம்பிக் கட்டியதையும் மட்டுமே சொல்வோம் என்றார். வழக்குரையில் எழுதாததை நீதிமன்றத்தில் பேச முடியாது, எழுதியதற்கு மாறாகவும் பேச முடியாது என்பதையும் அன்றே எங்களுக்கு விளக்கினார். ஆனால் ஊர் வாயை மூட எந்தச் சட்டமும் இல்லை. அந்தோணியார் சொத்தை அமுக்கப் பார்க்கிறாள் என்று பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அம்மா உட்கார்ந்த பெஞ்சில் என்னைத் தவிர யாரும் உட்காரவில்லை. அவள் முன்வரிசையை விட்டு நகரவும் இல்லை.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார், "இந்தக் கோயில் உங்களுடையதா?"

"இல்லீங்க" என்றாள் அம்மா, கொஞ்சமும் தயங்காமல்.

அவர் ஜெயித்துவிட்டவர்போல் உட்கார்ந்தார். எங்கள் வக்கீல் நிதானமாக எழுந்து, வழக்குரையின் முதல் பத்தியை வாசித்துக் காட்டினார். மனுதாரர் தமக்கென எந்த உரிமையும் கோரவில்லை, வழிபடுவோர் அனைவருக்காகவும் வழக்காடுகிறார் என்று அதில் இருந்தது. அம்மாவின் பதில் அதிலிருந்து இம்மியும் பிசகவில்லை. பின்வரிசையில் இருந்த எங்கள் ஆட்கள் அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார்கள்.

இன்று கோயிலைச் சுற்றி மாடி வீடுகள் வந்துவிட்டன. இடிக்கக் கூடாது என்ற தீர்ப்பால் கோயில் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. தீர்ப்பன்று வெளியே வந்ததும் அம்மா வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே என் பேர எடுத்துடலாங்களா?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா. தீர்ப்பே உங்க பேர்லதான் இருக்கு."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. எனக்கோ, பஸ் நிலையம் வரை எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, அந்தப் பெயருக்குரியவள் என் அம்மா என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.