நீலமேகம் பொறுக்கிய கம்பளி நூல்

1934-இல் தொண்டர் தீயணைப்புப் படைக்கு ஆள் எடுத்தபோது நான் தண்டையார்பேட்டை டிஸ்பென்சரி ஒன்றில் கம்பவுண்டர். அத்தாவுல்லா என்றால் யாருக்கும் தெரியாது, கம்பவுண்டர் பாய் என்றால் தெரியும். அடுத்தவன் சங்கதியில் மூக்கை நுழைப்பது என் பிறவிக் குணம். நீலமேகத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருப்பதும் அதனால்தான்.

நீலமேகம் திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பத்துக்காரர். வயது முப்பத்தெட்டு. வலை முடைவதில் அந்தக் கரையில் அவர் கைக்கு ஈடு கிடையாது. முந்தின பங்குனியில் குப்பத்தில் நெருப்புப் பிடித்து இருபத்தாறு குடிசைகள் போயின. அவருடையதும் போயிற்று. தண்ணீர் வண்டி வந்து சேர்ந்தபோது அணைக்க ஒன்றும் மிச்சமில்லை. இப்போது இந்தத் தொண்டர் படையை அமைத்த எண்ணெய்க் கிடங்குக்காரர்கள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். எந்தக் குப்பத்தில் நான்கு பேர் எங்கள் டிஸ்பென்சரியில் நடக்கும் வைத்தியப் பரிசோதனையில் தேறுகிறார்களோ, அங்கேயே ஒரு கைப்பம்பு வண்டியை நிறுத்திவிடுவார்கள். மூன்று பேர் தேறியாயிற்று. நான்காவது ஆளாக வந்தவர்தான் நீலமேகம்.

மார்பு, மூச்சு, காது எதிலும் குறையில்லை. கடைசியில் நிறப் பரிசோதனை. ஒரு பெட்டி நிறையக் கம்பளி நூல் துண்டுகள் இருக்கும். டாக்டர் ஜெயவேலு எப்போதும் அவசரக்காரர். ஒரு பச்சைத் துண்டை எடுத்துக் காட்டி, "இதைப் போல இருக்கறதெல்லாம் பொறுக்கி வை" என்றார்.

நீலமேகம் பெட்டியைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தபடி ஒவ்வொரு நூலையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டினார். சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் ஒரே குவியலில் விழுந்தன. டாக்டர் தாளில் பெருக்கல் குறி போடப் போனார்.

"இன்னாங்கய்யா தப்பு? நீங்க காட்டினது மூணு புரி. இந்தாண்ட கீறது பூரா மூணு புரி. ரெண்டு புரியெல்லாம் அந்தாண்ட வெச்சிட்டேன்."

டாக்டர் ஒரு நூலின் முறுக்கைப் பிரித்து இழைகளை எண்ணினார். மூன்று புரி. இன்னொன்று. அதுவும் மூன்று. நானும் ஐந்தாறு பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் பிசகவில்லை. வலைக்காரனிடம் நூலைக் கொடுத்து ஒத்ததை எடு என்றால் வேறென்ன செய்வான்? டாக்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"நிறம்னு நான் சொல்லவே இல்லை. தப்பு என்னுது" என்றார். வெளியே இன்னும் பதினொரு பேர் நின்றார்கள். மறுபடி சோதிக்காமலே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

நீலமேகம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் என்னைப்போல் அவருக்கும் எதையாவது தோண்டிப் பார்க்கும் புத்தி.

"ஐயா, இதுல பச்சைன்றது எது? ஜனங்க சிவப்பு, பச்சைன்னு சொல்றாங்களே, எனக்கு ரெண்டும் வாழைச் சருகாட்டம்தான் கீது."

பேனா நின்றது. "துறைமுக வாயில்ல சிவப்பும் பச்சையுமா எரியற விளக்கை எப்படிய்யா அடையாளம் பார்க்கறே?"

"வடக்கால எரியறது, தெக்கால எரியறது. அவ்ளோதான். ஏங்கய்யா, நெருப்பாண்ட கூடவா விளக்கு காட்டுவாங்க?"

"பச்சை காட்டினா உள்ளே போகலாம். சிவப்பு காட்டினா கூரை விழப்போகுதுன்னு அர்த்தம், வெளியே ஓடி வந்துடணும்."

நீலமேகம் நூல்களை அள்ளித் திரும்பப் பெட்டியில் போட்டார். டாக்டர் இன்னும் தாளில் குறி போடவில்லை. இரக்கப்படுகிறார் என்று தோன்றியது. நானாக இருந்தால் கெஞ்சியிருப்பேன்.

"எப்பவும் முன்னாடி போறவன் நானு. மூணு பேர் என்னை நம்பிப் பின்னாடி வருவாங்க. வாணாங்கய்யா, என் பேரை அடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

குப்பத்தில் சும்மா விடுவார்களா? வண்டியைக் கோட்டை விட்டவன் என்று வைதார்கள். அவர் மனைவி மங்கை, "கம்முனு வந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. வயதும் உடம்பும் பொருந்திய ஆள் இன்னும் ஒருவர்தான் அங்கே இருந்தார். மங்கையின் அண்ணன் கோதண்டம். ஒரு வலையை அறுத்த சண்டையில் மச்சான்கள் இருவருக்கும் மூன்று வருடமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை. நீலமேகம் விண்ணப்பித்த படையில் தன் பெயரா என்று அவர் ஒதுங்கியிருந்தார்.

அடுத்த திங்கட்கிழமை அந்தக் கோதண்டமே வந்து நின்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தத் தடவை டாக்டர் நிறம் என்று நிறுத்திச் சொன்னார். கோதண்டம் பச்சை நூலை ஒன்று விடாமல் எடுத்தார். அந்த வாரமே கைப்பம்பு வண்டி குப்பத்துக்குப் போய்விட்டது.

அந்தத் திங்கட்கிழமை கோதண்டத்தின் மார்பை அளந்தபடியே, எப்படி மனம் மாறினீர் என்று கேட்டேன்.

"சனிக்கிழம காலீல நீலமேகமே என் வூட்டு வாசல்ல வந்து நின்னான் பாய். 'இன்னாத்துக்கு வந்தே?'ன்னேன். 'மச்சான், எனக்குக் கண்ணு பத்தல. உன் கண்ணைக் கேக்க வந்தேன்'னான்."