கட்டைவிரலில் ஒட்டிய மை

போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, நல்ல வெயில் நேரத்தில், ஓடுகிற ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நான் பயந்தேன். பேய், பிசாசு ஒன்றும் இல்லை. ஒரு கையெழுத்து... அவ்வளவுதான்.

நண்பர் ராஜகோபாலை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பீளமேட்டில் பம்ப்செட் உதிரிபாகம் செய்கிறவர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. ஒரு நடிகரின் ஆட்டோகிராஃப் எங்கே விலைக்கு வந்தாலும் ஓடிப்போய் வாங்குவார். நடிகர் காலமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். அவருடைய ரசிகர்கள் இன்னும் திடமாகத்தான் இருக்கிறார்கள், என் வீட்டு விலாசமும் அவர்களில் சிலருக்குத் தெரியும்.

ஓடிப்போவாரே தவிர, சும்மா வாங்கிவிட மாட்டார். படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்ப்பார். அச்சடித்த கையெழுத்தென்றால் படத்தோடு படமாகப் படிந்திருக்கும், பேனாவால் போட்டதென்றால் மை தனியாக மேலே நிற்கும். பிறகு தலைகீழாகத் திருப்புவார். எதற்கு? நேராக வைத்தால் நம் கண் பெயரைப் படித்துவிடுமாம், கோட்டைப் பார்க்காதாம். சொந்தக் கையெழுத்து ஓடும் என்பார். போலி யோசித்து யோசித்து நடக்கும், அங்கங்கே நடுங்கும். போன வருடம் சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த படத்தில் கோடு அப்படித்தான் நடுங்கியது. அந்த மனிதரை உட்காரக்கூடச் சொல்லாமல் திருப்பி அனுப்பினார்.

இன்னொரு விதியும் வைத்திருக்கிறார். எந்த மனிதனாலும் ஒரே கையெழுத்தை இரண்டு தடவை அச்சு அசலாகப் போட முடியாது. இம்மி பிசகாமல் இரண்டும் ஒன்றாக இருந்தால், இரண்டில் ஒன்று பொய்.

சரி, இதுதான் அசல் என்று ஒத்துப் பார்க்க ஒன்று வேண்டுமே? அது அவர் வீட்டு பூஜையறையில் இருந்தது.

ராஜகோபால் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அம்மா சரோஜாவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் என்று முடிவானதும் அந்த அம்மா பயந்துபோய், யாரிடம் சொல்வது என்று தெரியாமல், அந்த நடிகருக்கு ‘அண்ணா’ என்று போட்டு ஒரு கடிதம் எழுதினாராம். பத்தே நாளில் ஒரு படம் வந்தது. கீழே, ‘தங்கச்சி சரோஜாவுக்கு... ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போய் வா. அண்ணன்’ என்று எழுதிக் கையெழுத்து. அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனார். பிழைத்தார். அண்ணன் கொடுத்த உயிர் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர், போன வருடம்தான் போய்ச் சேர்ந்தார்.

ராஜகோபால் வாங்கிய ஒவ்வொரு கையெழுத்தும் அந்தப் படத்தோடு ஒத்துப்போனதால் வாங்கியது. அது பொய்யென்றால் எல்லாமே பொய். அதைவிட, அவர் அம்மாவின் நாற்பத்துச் சொச்ச வருட நம்பிக்கை பொய்.

போன வாரம் போத்தனூரிலிருந்து ரோஸ்மேரி என்ற பெண்மணி அவருக்குப் போன் செய்தார். அந்த நடிகர் படம் இருக்கிறது என்றார். கையெழுத்து இருக்கிறதா என்று இவர் கேட்க, இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். வரும்போது உங்களிடம் இருப்பதையும் கொண்டுவாருங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். நம்மைப்போல ஒரு ரசிகை என்று இவருக்கு ஒரே குஷி. வாங்கிய படங்களையெல்லாம் ஒரு பையில் போட்டு, பூஜையறைப் படத்தையும் பட்டுத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் எதற்குப் போனேன்? காரில் ஒரு சீட் காலியாக இருந்தது.

ரயில் பாதையை ஒட்டிய சின்ன வீடு. கூட்ஸ் வண்டி போனால் டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது. ரோஸ்மேரிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், தையல் டீச்சர். டீ கொடுத்துவிட்டு, மேஜைமேல் ஒரு படத்தை வைத்தார்.

ராஜகோபால் சாய்த்தார். திருப்பினார். பட்டுத்துணியைப் பிரித்து, அம்மாவின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். முதல் எழுத்தின் சுழி, அடியில் இழுத்த கோடு, அதன் கீழே இரண்டு புள்ளி. கோடு எங்கேயும் யோசிக்கவில்லை, ஓடியிருந்தது. “அவரேதானுங்க” என்றார் என்னிடம்.

படத்தைக் கீழே வைத்தார். அப்போதுதான் அவருடைய கட்டைவிரலைப் பார்த்தேன். நீலமாக இருந்தது.

அவரும் பார்த்தார். கையெழுத்தின் ஓரத்தில் மை லேசாக இழுபட்டிருந்தது. செத்து முப்பது வருடமான மனிதர் போட்ட கையெழுத்து இன்னும் காயவில்லை. என் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. பொய்யாவது ஒன்றாவது, நிஜமாகவே ஊர்ந்தது.

“காலையில போட்டதுங்க” என்றார் ரோஸ்மேரி, சாதாரணமாக. “கையெழுத்து இருக்குதான்னு கேட்டீங்க, இருக்குதுன்னு சொன்னேன். யாரு போட்டதுன்னு நீங்க கேக்கலீங்களே.”

உள்ளே கூட்டிப்போனார். கட்டிலில் ஒரு முதியவர். மேலே சென்னிமலை பெட்ஷீட். அது முழுக்க நீலக் கிறுக்கல், துவைத்துத் துவைத்தும் போகாத கிறுக்கல். கிட்டே போனால் கிறுக்கல் இல்லை... எல்லாம் அந்தக் கையெழுத்து. சுவரிலும், அவர் கை எட்டுகிற உயரம் வரைக்கும். பேனாவை ரோஸ்மேரி எடுத்து வைத்திருந்தார். ஆனாலும் வலது கையின் சுட்டுவிரல் போர்வைமேல் ஓடிக்கொண்டே இருந்தது. சுழி, கோடு, இரண்டு புள்ளி. மறுபடி சுழி. என்னால் அந்த விரலிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அவர் ரோஸ்மேரியின் அப்பா. அந்தோணிசாமி. சென்னையில் முப்பது வருடம் அந்த நடிகருக்கு வருகிற கடிதங்களைப் பார்த்துக்கொண்டவர். மூட்டை மூட்டையாகக் கடிதம் வருமாம். படங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பியதெல்லாம் இவர்தானாம். ஒரு தடவை நடிகரே ஒரு படத்தை எடுத்துப் பார்த்து, “இது நான் போட்டதா, நீங்க போட்டதா?” என்று கேட்டாராம். கடைசிக் காலத்தில் நடிகருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. அவர் நிஜமாகவே போட்டுக் கொடுத்ததை ஜனங்கள் போலி என்றார்களாம். அதன்பிறகு நேரில் கேட்டு வருகிறவர்களுக்கும் இவரே உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாராம்.

பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. பேச்சு போய்விட்டது, ஆள் அடையாளம் போய்விட்டது. கை மட்டும் வேலையை நிறுத்தவில்லை. மிஞ்சிய பழைய படங்களை ரோஸ்மேரி ஒவ்வொன்றாகக் கொடுத்து வருகிறார்.

“அப்பா” என்று கூப்பிட்டார். விரல் நிற்கவில்லை. “அந்தோணிசாமி” என்றார். நிற்கவில்லை. பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல், மெதுவாக, “அண்ணா” என்றார்.

விரல் நின்றது. முதியவர் திரும்பிச் சிரித்தார். மேஜைமேல் இருந்த படத்தில் அந்த நடிகர் சிரிக்கிற அதே சிரிப்பு.

“இப்படிச் சொன்னாத்தானுங்க வாயத் தொறப்பாரு. மூணு வேளையும் அண்ணான்னு கூப்பிட்டுத்தான் சோறு ஊட்டறேன்” என்றார் ரோஸ்மேரி. “விக்கறதுக்கு உங்கள வரச் சொல்லலீங்க. உங்ககிட்ட நெறைய இருக்குதுன்னு சொன்னாங்க. எதுலயாச்சும், ஒரு மூலையிலயாச்சும், எங்கப்பா தன் பேரை எழுதியிருக்காரான்னு பாக்கணும். ஊட்டுல அவரு பேர அவரு எழுதுனது ஒண்ணுகூட இல்லீங்க.”

எல்லாப் படங்களையும் கட்டில்மேல் பரப்பிப் பின்பக்கம் பார்த்தோம். மூலைகளைப் பார்த்தோம். எங்கேயும் இல்லை. முப்பது வருடம் எழுதிய மனிதர், ஒரு எழுத்துகூடத் தன்னுடையதாக விட்டுவைக்கவில்லை.

ராஜகோபால் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வருகிற கடிதத்தையெல்லாம் உங்கள் அப்பா படிப்பாரா, இல்லை சும்மா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாரா? கேட்டுவிட்டு அம்மாவின் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

ரோஸ்மேரி யோசித்துத்தான் பதில் சொன்னார். “தெரியலீங்க. ஆனா ஊட்டுக்கு வந்தா எங்ககிட்டப் பேசவே மாட்டாரு. பேச்செல்லாம் அங்கயே தீந்துபோயிருமுங்க.”

அந்த நேரம் முதியவரின் கை நீண்டது. ராஜகோபால் என்ன நினைத்தாரோ, படத்தைக் கொடுத்தார். பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். நான் தடுத்திருப்பேன். அந்தக் கை, பழைய கையெழுத்துக்கு நேர் கீழே, ஒரே மூச்சில் இன்னொன்றைப் போட்டது. போட்டுவிட்டு, மை காய்வதற்காகப் படத்தைக் கொஞ்சம் ஆட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தது. முப்பது வருடப் பழக்கம்.

ராஜகோபால் குனிந்தார். “சரோஜா பையனுங்க நான். போயிட்டு வாரேனுங்க மாமா” என்றார்.

அம்மாவுக்கு அண்ணன் என்றால் வேறு எப்படிக் கூப்பிடுவது?

திரும்பும்போது உக்கடம் சிக்னலில் கார் நின்றதும், “ஏனுங்க, கோடு நடுங்குதுன்னு திருப்பி அனுப்புனேனே, அந்த சத்தியமங்கலத்துக்காரரு நெம்பர் உங்ககிட்ட இருக்குதுங்களா?” என்று கேட்டார். என்னிடம் இல்லை.

படம் மறுபடி பூஜையறைக்கே போய்விட்டது, இரண்டு கையெழுத்தோடு. மறுநாள் போன் செய்தார். லென்ஸ் வைத்து, நேராகவும் தலைகீழாகவும் பார்த்தாராம். நாற்பது வருட இடைவெளியில் போட்ட இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருக்கின்றன. அவருடைய விதிப்படி இரண்டில் ஒன்று பொய். எது என்று கேட்டார்.

இந்தப் பத்தியின் அடியில் வாராவாரம் என் கையெழுத்து அச்சாகிறதே... ஒரு முறை போட்டுக் கொடுத்தது, பல வருடமாக அதுவேதான் அச்சு அசலாக வந்துகொண்டிருக்கிறது. நேற்று ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அதேபோல் போட்டுப் பார்த்தேன்.

நாலு தாள் வீணானதுதான் மிச்சம்.