பெயிண்டுல தொடங்குன காரு

திம்புள்ள பக்கத்துல பழைய காரைப் பிரிச்சு மாட்ட என்னைய விட்டா ஆளே கெடையாது. சும்மா சொன்னேங்க. தேயிலத் தோட்டத்து லொறியக் கழுவித் தொடைச்ச ஆளு நானு. மூடுன பானெட்டுக்கு வெளிய இருக்குறது பூரா நல்லாத் தெரியும்.

அந்தச் சவடாலத் தோட்டத்துத் தொரைகிட்டயும் அடிச்சுட்டேன். கொட்டகையில துருப்புடிச்சுக் கெடந்த காரைக் காட்டுனாரு. "மேன், ஏப்ரல் சீசன், நுவரெலியா. இது ஓடுறது, அப்ப நீ டைவர்." டைவருக்கு அடுப்பு வச்ச, காஞ்ச ரூம்பு உண்டு. என் பொஞ்சாதிக்கு இழுப்பு. நாங்க குடியிருக்குற லயத்துச் செவுத்து ஈரத்துல படுக்க முடியாம குந்திக்கிட்டே தூங்குவா. காரு யாருக்கு வேணும்? அந்த ரூம்பு வேணும் எனக்கு.

எதை மொதல்ல செய்யறது? காரைச் சுத்திச் சுத்தி வந்தேன். கொழும்புலருந்து பெரிய ஆளுங்க வர்றாங்கன்னா தோட்டத்துல என்ன செய்வாங்க? கூரை ஒழுகுனா ஒழுகட்டும், செவுத்துக்குச் சுண்ணாம்பு மொதல்ல. பொறந்ததுலருந்து பாத்த மொறை அதுதான. பெயிண்ட எடுத்தேன். நல்ல பச்சை.

பொஞ்சாதி வந்து பாத்தா. "ஏங்க, உள்ள உசுரு இருக்கான்னு பாத்தீங்களா? பொணத்துக்குப் பவுடரு பூசுன மாதிரில்ல இருக்கு."

"போடி. கல்யாணப் பொண்ண மொதல்ல சிங்காரிக்கத்தான செய்வாங்க?"

தொரைக்கு ஒரே குசி. கிளப்புல எல்லாருக்கும் சொல்லிட்டாரு. நானும் அந்தச் சூட்டோட சீட்டுக்குப் புதுத் தோலு தைச்சு மாட்டிட்டேன். அப்பறந்தான் எஞ்சினத் தொட்டேன். அசையல. சங்கிலி கட்டித் தூக்குனா, சங்கிலி ஆடி மட்கார்டுப் பச்சைய வழிச்சுருச்சு. அடித் தகடு பூரா ஓட்டை. அதை ஒட்ட சீட்டக் கழட்டுனேன், தோலு கிழிஞ்சுச்சு. தகடு ஒட்ட வந்தவன் நெருப்பக் காட்டுனான், மிச்சப் பச்சையும் அப்பளமாப் பொரிஞ்சுச்சு. எந்த வேலையத் தொட்டாலும் முன்ன செஞ்ச வேலை செத்துச்சு.

சீசன் வந்துருச்சு. தொரையும் வந்துட்டாரு. காரு ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"மேன், பெயிண்ட் எங்கே?"

"கழட்டி வச்சிருக்கேங்க தொரைகளே."

அவரு சிரிக்கல. எஞ்சினக் கைத்தடியால தட்டிப் பாத்தாரு. அப்பறம் என் பக்கம் திரும்பி, கொட்டகைச் சாவியக் கேட்டு...

லயத்துக்குள்ளருந்து பொஞ்சாதி கூப்புடுறா. "ஏங்க, கதையடிச்சது போதும். மூச்சு முட்டுது. பாயச் செவுத்தோரத்துலருந்து இழுத்துப் போடுங்க, நனையுது."

வர்றேன் புள்ள.